சக்கர நட்டும் ஒரு நீண்ட வாக்கியமும்: பணி அட்டை தெளிவாக இல்லையென்றால் என்ன செய்வது?

கேள்வி: காட்பாடிப் பயிற்சித் தொழில்நுட்பர்

அனைவருக்கும் வணக்கம். நான் காட்பாடியைச் சேர்ந்தவன். அப்துல்லாபுரத்து ஓடுதளத்தை வேலியோரம் நின்று பார்த்த ஆசையில் விமானப் பராமரிப்புப் படிப்பில் சேர்ந்து, இப்போது வெளிமாநிலத்தில் ஒரு பராமரிப்பு நிறுவனத்தின் ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) பயிற்சித் தொழில்நுட்பராக இருக்கிறேன். உரிமத் தேர்வுக்காக மனிதக் காரணிகள் பற்றிய ஒன்பதாம் மாட்யூலைப் படித்துவரும் நேரத்தில், பாடத்தில் வரும் சிக்கல் ஒன்று வேலையிடத்திலேயே எதிர்ப்பட்டதால் இங்கே கேட்கிறேன்.

எங்கள் பிரிவில் அடிக்கடி நடக்கும் வேலை பிரதான சக்கரம் மாற்றுவது. புதிய சக்கரத்தை அச்சில் ஏற்றிய பிறகு, அச்சு நட்டை முதலில் அதிக டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்கி, பின்பு தளர்த்தி, மறுபடியும் குறைந்த டார்க் அளவுக்கு இறுக்க வேண்டும் என்பது இத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். எங்கள் நிறுவனம் தயாரித்து வைத்திருக்கும், வேலையின் படிகளைச் சொல்லும் பணி அட்டையில் இந்த மூன்று செயல்களும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. ஆங்கிலத்தில் உள்ள அந்த வரி தமிழில் ஏறக்குறைய இப்படி அமையும்: "சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை முதல் டார்க் அளவுக்கு இறுக்கி, தளர்த்தி, இரண்டாம் டார்க் அளவுக்கு இறுக்கி, பூட்டுத் துளைகள் நேராக இருக்கின்றனவா என்று பார்க்கவும்." சுழற்றுவது முதல் இறுக்கத்துக்கு மட்டுமா, இரண்டு இறுக்கங்களுக்குமா என்பது இதிலிருந்து விளங்கவில்லை.

எங்கள் ஷிப்டில் உள்ள மூத்தவர் ஒருவர் இரண்டு முறையும் என்னைச் சக்கரத்தைச் சுழற்றச் சொல்லிவிட்டு டார்க் ரெஞ்சைப் பிடிப்பார். இன்னொருவர், இரண்டாம் முறை சக்கரம் அசையாமல் நின்றால்தான் ரெஞ்சின் அளவு சரியாகக் காட்டும் என்று சொல்லி, என்னை விலகி நிற்கச் சொல்வார். இருவருமே அனுபவசாலிகள், இருவரின் வேலையிலும் குறை கண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. காரணம் கேட்டபோது இருவரும் அதே அட்டையில் அதே வரியைத்தான் விரல் வைத்துக் காட்டினார்கள்.

என் ஐயங்கள் இவை. இதில் எது சரி? இப்படிப்பட்ட வரியைப் பின்பற்றி ஏதேனும் தவறு நேர்ந்தால், கையெழுத்திட்டவர் பொறுப்பா, வரியை எழுதியவர் பொறுப்பா? உலகில் இதுபோல் அறிவுறுத்தல் தெளிவில்லாமல் நடந்த விபத்துகள் உண்டா? மேலும், எங்களில் பலர் வேலூர், திருப்பத்தூர்ப் பக்கம் தமிழ்வழியில் படித்துவிட்டு வந்தவர்கள் என்பதால், அட்டைகளுக்குத் தமிழில் குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளலாமா என்றும் நண்பர்கள் கேட்கிறார்கள். விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: கடற்படை வானூர்திப் பிரிவில் ஓய்வுபெற்றவர், அரக்கோணம்

தம்பி, முதலில் உங்கள் நட்டின் கதையை முடித்துவிடுவோம்.

சக்கரத்தின் உள்ளே இருப்பவை டேப்பர் ரோலர் பேரிங்குகள். கூம்பு வடிவ உருளைகள் தம் தடத்தில் ஒழுங்காகப் போய் உட்கார வேண்டுமென்றால் அவை உருண்டாக வேண்டும். சக்கரம் நின்றுகொண்டிருக்கும்போது நட்டை இறுக்கினால், சில உருளைகள் சற்றே சாய்ந்த நிலையில் சிக்கிக்கொண்டு, ரெஞ்ச் கேட்கும் எதிர்ப்பைப் பொய்யாகக் கொடுத்துவிடும். ரெஞ்ச் சொடுக்கும், அளவு வந்துவிட்டது என்று நாம் நினைப்போம், விமானம் ஓடுதளத்தில் உருண்டவுடன் உருளைகள் தம் இடத்துக்குப் போக, நட்டின் பிடி தளர்ந்திருக்கும். அதிக டார்க் வைத்து முதலில் இறுக்குவது உருளைகளை இருத்துவதற்கு. தளர்த்துவது அந்த அழுத்தத்தை எடுப்பதற்கு. இரண்டாம் டார்க் வைப்பது ஓட்டத்துக்குத் தேவையான அழுத்தத்தை நிறுவுவதற்கு. ஆகையால் இரண்டு இறுக்கங்களிலும் சக்கரம் சுழல வேண்டும் என்பதுதான் நான் கையாண்ட சக்கரங்களில் இருந்த முறை. நம் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையோரத்து லாரி ஷெட்டில் முன்சக்கர ஹப் பூட்டும் மெக்கானிக்கைப் பாருங்கள், அவரும் ஒரு கையால் ஹப்பைச் சுற்றிக்கொண்டுதான் மறுகையால் நட்டை முடுக்குவார்.

ஆனால் நான் சொல்வதை வைத்து நீங்கள் ஒரு நட்டைக்கூடத் தொடக்கூடாது. உங்கள் விமான வகைக்கான உற்பத்தியாளரின் பராமரிப்புக் கையேட்டில் 32ஆம் அத்தியாயத்தை, அதாவது இறங்கு சக்கரப் பகுதியை, நடப்புத் திருத்தத்தோடு திறந்து, உங்கள் நிறுவனத்தின் அட்டையோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். கையேட்டில் இவை தனித்தனிப் படிகளாக இருக்கும் என்பது என் ஊகம். அட்டை அச்சடிக்கும்போது இடம் மிச்சம் பிடிக்க யாரோ மூன்று படிகளை ஒன்றாக மடித்திருக்கக்கூடும்.

பொறுப்பு யாருடையது என்று கேட்டீர்கள். கையெழுத்திட்டவரின் பொறுப்பு எந்தச் சட்டத்திலும் அழியாது. ஆயினும் விசாரணை அங்கே நின்றுவிடுவதில்லை. இதற்கு நான் பயிற்சி வகுப்புகளில் எப்போதும் எடுத்துச் சொல்வது 1983 மே 5 அன்று மயாமியிலிருந்து நசாவுக்குப் புறப்பட்ட ஈஸ்டர்ன் ஏர் லைன்ஸ் 855ஆம் விமானம். மூன்று என்ஜின்கள் கொண்ட லாக்ஹீட் எல்-1011. முந்தைய இரவு மூன்று என்ஜின்களிலும் எண்ணெயில் உலோகத் துகள் இருக்கிறதா என்று காட்டும் சிப் டிடெக்டர்களை மாற்றினார்கள். அவற்றைச் சுற்றி எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஓ-ரிங் மூன்றிலும் போடப்படவில்லை. வானில் எண்ணெய் வடிந்து, நடு என்ஜினை விமானிகள் நிறுத்திவிட்டு மயாமிக்குத் திரும்பும் வழியில், மற்ற இரண்டும் அடுத்தடுத்து நின்றுபோயின. கடலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த விமானத்தில் முதலில் நிறுத்திய என்ஜினையே மறுபடி இயக்கி, அந்த ஒன்றைக் கொண்டு தரையிறங்கினார்கள். விமானத்தில் இருந்த 172 பேரும் தப்பினர்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், பணி அட்டையில் ஓ-ரிங் பற்றிய குறிப்பு இருந்தது. தொழில்நுட்பர்கள் அந்த இடத்தில் கையெழுத்தும் இட்டிருந்தார்கள். ஆனால் அவர்கள் வழக்கமாக ஃபோர்மேனின் அலமாரியிலிருந்து எடுக்கும் டிடெக்டர்களில் ஓ-ரிங் முன்னதாகவே மாட்டப்பட்டிருக்கும். ஆகவே அட்டையில் அந்த வரி அவர்கள் கையால் செய்யவேண்டிய வேலையாக ஒருநாளும் இருந்ததில்லை. அன்றிரவு அலமாரி காலியாக இருந்ததால் ஸ்டோரிலிருந்து வாங்கினார்கள். வந்தவற்றில் ரிங் இல்லை. பயன்படுத்தத் தக்கது என்ற சீட்டு மட்டும் கட்டியிருந்தது. அதே நிறுவனத்தில் அதற்கு முன்பும் இந்த டிடெக்டர்கள் தொடர்பான சம்பவங்கள் நடந்திருந்தன என்பது விசாரணையில் வெளிவந்தது. அட்டையின் வரிக்கும் ஹேங்கரின் வழக்கத்துக்கும் இடையே இருந்த விரிசலை யாரும் எழுதிக் கேட்காததுதான் எனக்கு அதில் பெரிய குறையாகத் தோன்றுகிறது. உங்கள் இரண்டு மூத்தவர்களின் இரண்டு வழக்கங்களும் அதே வகையைச் சேர்ந்தவைதான்.

பதில் 2: தரக்கட்டுப்பாட்டு ஆய்வாளர், ராணிப்பேட்டை சிப்காட்

நான் விமானத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். அழுத்தக் கலன்களின் பற்றவைப்பை ஆய்வு செய்பவன். இருந்தாலும் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிய விரும்புகிறேன். அறிவுறுத்தல் தெளிவில்லை என்பது பல இடங்களில் வசதியான சாக்காக மாறிவிடுவதை நான் பார்க்கிறேன்.

1990 ஜூன் 10 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390ஆம் விமானத்தின் முன்கண்ணாடி வானில் பிய்த்துக்கொண்டு போய், கேப்டன் பாதி உடல் வெளியே இழுக்கப்பட்ட நிகழ்வு பலருக்கும் தெரியும். அந்தக் கண்ணாடியைப் பிடித்திருந்த 90 போல்ட்டுகளில் 84 தேவையான விட்டத்தைவிடச் சிறியவை. எஞ்சியவை நீளம் குறைந்தவை. எந்த போல்ட் போட வேண்டும் என்பதற்கு உதிரிபாகப் பட்டியல் தெளிவாகவே இருந்தது. அதைப் பார்க்காமல், கழற்றிய பழைய போல்ட்டைக் கண்ணளவில் ஒப்பிட்டு எடுத்தார்கள். அதேபோல் 1979 மே 25 அன்று சிகாகோவில் 273 உயிர்களைப் பறித்த டிசி-10 விபத்தில், என்ஜினைத் தனியாகவும் அதைத் தாங்கும் பைலானைத் தனியாகவும் கழற்ற வேண்டும் என்பது உற்பத்தியாளர் வகுத்த முறை. வேலை நேரத்தை மிச்சப்படுத்த இரண்டையும் ஒன்றாக ஃபோர்க்லிஃப்டில் தாங்கிக் கழற்றினார்கள். பைலான் பொருத்துமிடத்தில் விரிசல் விழுந்தது. இரண்டிலும் எழுதியவர்மீது என்ன பிழை? படிக்காதவரையும் மீறியவரையும் விட்டுவிட்டு வாக்கியத்தைத் திருத்திக்கொண்டிருந்தால் போதுமா?

பதில் 3: தொழில்நுட்ப ஆவணப் பிரிவில் பணிபுரிபவள், சத்துவாச்சாரி

ராணிப்பேட்டை ஐயா சொன்ன இரண்டு நிகழ்வுகளையும் நான் மறுக்கவில்லை. அவை அறிவுறுத்தல் தெளிவின்மைக்கு உதாரணங்கள் ஆகா என்பதில் எனக்கும் உடன்பாடே. வாசிக்காமல் செய்தது ஒரு வகை, வாசித்தும் குறுக்குவழி எடுத்தது இன்னொரு வகை. ஆனால் வாசித்து, அதன்படியே செய்வதாக நம்பிச் செய்து, அப்படியும் தவறிப்போன மூன்றாம் வகை ஒன்று உண்டு. கேள்வி கேட்டவரின் சக்கர நட்டு அந்த வகையைச் சேர்ந்தது. நான் விமானப் பராமரிப்பு ஆவணங்களை எழுதியும் திருத்தியும் வருபவள் என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில் ஏர் மிட்வெஸ்ட் 5481 என்ற சிறிய பீச்கிராஃப்ட் 1900டி விமானம் புறப்பட்டவுடனே மூக்கை நிமிர்த்தி, கட்டுக்குள் வராமல் விழுந்தது. இருந்த 21 பேரும் இறந்தனர். அதற்கு முந்தைய பராமரிப்பில் எலிவேட்டர் (விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் வால்பகுதிப் பலகை) கேபிள்களின் இழுவிசையைச் சரிசெய்திருந்தார்கள். இழுவிசையை மட்டும் சரிசெய்வதற்கென்று கையேட்டில் தனி வேலைமுறை கிடையாது. எலிவேட்டர் அமைப்பு முழுவதையும் நிறுவிச் சரிபார்க்கும் நீண்ட வேலைமுறையின் நடுவில் அது ஒரு படியாக இருந்தது. அந்த வேலையை அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்த தொழில்நுட்பரும், உடனிருந்து கற்றுக்கொடுத்த ஆய்வாளரும், நம் வேலைக்கு இதில் சில படிகள் தேவையில்லை என்று முடிவெடுத்து விட்டுச் சென்றார்கள். விட்டுச் சென்ற படிகளில் ஒன்று, எலிவேட்டர் முழு வீச்சுக்கு அசைகிறதா என்பதைக் காட்டிக்கொடுத்திருக்கக் கூடியது. விமானத்தின் மூக்கைக் கீழே அழுத்தும் திசையில் எலிவேட்டரின் வீச்சு வெகுவாகக் குறைந்துபோயிருந்தது. பாரமும் பின்பக்கம் சாய்ந்திருந்த அந்தப் பயணத்தில் அது உயிரைக் குடித்தது.

அவர்கள் படிகளை விட்டது தவறுதான். ஆனால் தனியே ஒரு சின்ன வேலையைச் செய்ய வருபவனுக்கு, முழு வேலைமுறையையும் முடித்தாக வேண்டும் என்று வாசலிலேயே சொல்லாத கையேடு, எது வேண்டும் எது வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பை இரவு ஷிப்டில் நிற்பவன் தலையில் வைத்துவிடுகிறது. இதைச் சொல் கடினமாக இருந்ததால் வந்த குழப்பம் என்று யாரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு வரியும் தனித்தனியாகத் தெளிவானதே. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதுதான் தெளிவாக இல்லை.

இன்னொன்று 2007 ஆகஸ்ட் 20, ஜப்பானின் நாஹா விமான நிலையம். சைனா ஏர்லைன்ஸின் போயிங் 737-800 தரையிறங்கி நிறுத்துமிடத்துக்கு வந்து நின்ற சில நொடிகளில் எரிபொருள் கசிந்து தீப்பற்றி எரிந்தது. 165 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். இறக்கையின் முன்விளிம்பில் உள்ள ஸ்லாட் என்னும் நகரும் பலகையின் ஓட்டத்தை நிறுத்தும் போல்ட் ஒன்று கழன்று விழுந்து, எரிபொருள் தொட்டியின் சுவரைக் குத்திக் கிழித்திருந்தது. இந்த நட்டுகள் தளர்கின்றன என்று உற்பத்தியாளர் முன்பே சேவைக் கடிதம் அனுப்பியிருந்தார். விமான நிறுவனமும் அதை ஏற்றுத் தன் பணி அட்டையாக்கி, தளராமல் ஒட்டும் பசை தடவி நட்டை மீண்டும் பூட்டியிருந்தது. அந்த வேலையின்போதுதான் வாஷர் நழுவி விழுந்தது என்பது ஜப்பானிய விசாரணையின் முடிவு. நட்டைக் கழற்றினால் வாஷரும் விழக்கூடும், கை நுழையவே சிரமப்படும் இடத்தில் அது விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, வாஷர் இல்லாவிட்டால் போல்ட்டைத் தடுத்து நிறுத்த வேறெதுவும் இல்லை என்பதைக் கடிதமும் அட்டையும் உரிய அழுத்தத்தோடு கருத்தில் கொள்ளவில்லை. தளர்ச்சியைத் தடுக்க வந்த அறிவுறுத்தலே போல்ட் முழுவதும் கழன்றுபோக வழிசெய்த கொடுமை இது. அட்டை எழுதுபவள் என்ற முறையில் என்னை மிகவும் உறுத்தும் நிகழ்வும் இதுதான். வேலை செய்தவர்கள் எழுதியிருந்ததைத்தானே செய்தார்கள்!

2005 ஆகஸ்ட் 14 அன்று ஏதென்ஸ் அருகே விழுந்து 121 பேரைப் பலிகொண்ட ஹீலியோஸ் 522ஐயும் சேர்த்துக்கொள்ளலாம். காலையில் கதவு கசிவைச் சோதிக்க, விமானத்தின் உள்ளே காற்றழுத்தத்தைக் காக்கும் அமைப்பின் சுவிட்சை மேனுவல் நிலைக்கு மாற்றிய பொறியாளர் அதைத் தானியங்கி நிலைக்குத் திருப்பாமல் போனார். திருப்பாதது முறைப்படி ஒரு விடுபடல் ஆகாது, ஆனாலும் திருப்பி வைத்திருப்பதே விவேகம் என்று விசாரணை அறிக்கை எழுதியது. விமானிகளும் தங்கள் சரிபார்ப்புகளில் அதைக் காணத் தவறினார்கள் என்பதும் உண்மை. சோதனை முடிந்தபின் எந்தச் சுவிட்ச் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதுவதற்கு ஒரு வரிதான் ஆகும்.

இனி உங்கள் வரிக்கு வருகிறேன். விமான ஆவணங்களுக்கென்றே எளிமைப்படுத்திய ஆங்கிலம் ஒன்று உண்டு. 1970களின் இறுதியில் ஐரோப்பிய விமான நிறுவனங்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் உருவாகி, 1986இல் முதல் வழிகாட்டியாக வெளிவந்து, இப்போது ஏ.எஸ்.டி.-எஸ்.டி.இ.100 என்ற பெயரில் பயன்பாட்டில் இருக்கிறது. செய்முறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக்கூடாது. ஒரு வாக்கியத்தில் ஓர் அறிவுறுத்தல் மட்டுமே இருக்க வேண்டும். இரண்டு செயல்கள் ஒரே நேரத்தில் நடந்தாக வேண்டிய இடத்தில் மட்டும் அவற்றைச் சேர்த்து எழுதலாம். எச்சரிக்கை, அது தொடர்பான படிக்கு முன்னால் வர வேண்டும். உங்கள் நிறுவனத்து வாக்கியம் இந்த விதியைத் தலைகீழாகச் செய்திருக்கிறது. சேர்த்து எழுத வேண்டிய சுழற்றலையும் இரண்டாம் இறுக்கத்தையும் பிரித்துவிட்டு, பிரித்து எழுத வேண்டிய மூன்று படிகளைச் சேர்த்துவிட்டது.

நம் நாட்டில் பராமரிப்பு நிறுவனங்களுக்குப் பொருந்தும் சி.ஏ.ஆர்.-145 விதிகளில், 145.ஏ.45 என்ற பிரிவை எடுத்துப் பாருங்கள். பராமரிப்புத் தரவுகளைப் பணி அட்டையில் பெயர்த்தெழுதும் நிறுவனம் அதைத் துல்லியமாகப் பெயர்த்தெழுத வேண்டும், அல்லது மூலத்தின் குறிப்பிட்ட வேலைமுறையைத் துல்லியமாகச் சுட்ட வேண்டும். சிக்கலான வேலைகளை அட்டையில் எழுதும்போது தெளிவான கட்டங்களாகப் பிரித்து எழுத வேண்டும். பிழையான, முழுமையற்ற, இருபொருள்படும் அறிவுறுத்தல் கண்ணில் பட்டால் அதைப் பதிவுசெய்து எழுதியவருக்குத் தெரிவிப்பதற்கு நிறுவனத்தில் ஒரு நடைமுறை இருக்க வேண்டும். ஆகவே நீங்கள் எழுதிக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. அதற்கான பாதை விதியிலேயே போட்டு வைக்கப்பட்டிருக்கிறது.

தமிழ்க் குறிப்புகள் பற்றி: படிப்பதற்கும் தேர்வுக்கும் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். விமானத்தின் பக்கத்தில் நின்று வேலை செய்யும்போது மட்டும் அந்தக் குறிப்பைச் சட்டைப்பையிலிருந்து எடுக்காதீர்கள். கையேடு திருத்தப்படும்போது உங்கள் குறிப்பு தானாகத் திருந்தாது. அதன் தேதியையும் யாரும் சரிபார்ப்பதில்லை. உரிமம் பெறுபவர் ஆவணங்கள் எழுதப்பட்டுள்ள மொழியை வாசிக்கவும் எழுதவும் பேசவும் வல்லவராக இருக்க வேண்டும் என்பது உரிம விதியிலும் உண்டு. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இது ஒரு குறையே அன்று. ஆங்கிலத்தில் சரளமானவர் நீண்ட வாக்கியத்தை ஊகித்துக் கடந்துவிடுவார்; சொல் சொல்லாகக் கூட்டிப் படிப்பவர்தான் அது எங்கே பிசகுகிறது என்பதைக் கண்டுபிடிப்பார். என் அனுபவத்தில் உருப்படியான திருத்தக் கோரிக்கைகள் பெரும்பாலும் அத்தகையவர்களிடமிருந்தே வந்துள்ளன.

கேட்டவரின் தொடர்ச்சி: காட்பாடிப் பயிற்சித் தொழில்நுட்பர்

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடி உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவரின் துணையோடு கையேட்டைத் திறந்து பார்த்தேன். அதில் அவை தனித்தனிப் படிகளாகவே இருக்கின்றன. முதல் இறுக்கத்திலும் சரி, இரண்டாம் இறுக்கத்திலும் சரி, சக்கரத்தைச் சுழற்ற வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. அட்டையில்தான் சுருக்கியிருக்கிறார்கள்.

இப்போது என் தயக்கம் வேறு. இத்தனை ஆண்டுகளாக இதே அட்டையில்தானே வேலை நடக்கிறது, நேற்று வந்த பையன் குறை சொல்கிறான் என்று மேற்பார்வையாளர் எடுத்துக்கொள்வாரோ என்று அஞ்சுகிறேன். இரண்டாம் முறை சுழற்றாமல் இறுக்கும் அந்த மூத்தவரைக் காட்டிக்கொடுத்ததாகவும் ஆகிவிடக்கூடாது. இதை எப்படி எழுதுவது?

பதில் 4: கடற்படை வானூர்திப் பிரிவில் ஓய்வுபெற்றவர், அரக்கோணம்

தம்பி, நல்ல காரியம் செய்தீர்கள். எழுதும்போது மனிதர்களை விட்டுவிட்டுத் தாளை மட்டும் பற்றி எழுதுங்கள். அட்டையின் எண், திருத்த எண், எத்தனையாவது படி. கையேட்டில் அதற்கு இணையான வேலைமுறையின் எண், அதன் திருத்தத் தேதி. இரண்டின் அந்தப் பகுதியையும் நகலெடுத்துப் பக்கத்தில் பக்கமாக ஒட்டுங்கள். பிறகு ஒரே ஒரு வரி: அட்டையில் உள்ளபடி வாசித்தால் இரண்டாம் இறுக்கத்தின்போது சக்கரத்தைச் சுழற்ற வேண்டுமா என்பது தெளிவாகவில்லை, கையேடு சுழற்றச் சொல்கிறது, அட்டையைத் திருத்தக் கோருகிறேன். அதற்குமேல் விளக்கமோ வருத்தமோ வேண்டியதில்லை. யார் எப்படிச் செய்கிறார் என்ற பேச்சையே எடுக்காதீர்கள்.

நீங்கள் பயிற்சியில் இருப்பவர் என்பதால் உங்களுடன் கையேட்டைப் பார்த்த உரிமப் பொறியாளரிடம் முதலில் காட்டி, அவர் வழியாகத் தொழில்நுட்பப் பிரிவுக்குப் போகச் செய்யுங்கள். பேச்சோடு முடித்துவிட விடாதீர்கள். "நான் சொல்லிவிடுகிறேன், விடு" என்று யாராவது சொன்னால், பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அங்கே அசையவில்லை என்றால் நிறுவனத்தின் உள் நிகழ்வு அறிக்கை முறை இருக்கிறது. தரப் பிரிவு இருக்கிறது. பேனாவால் அட்டையில் நீங்களே திருத்தி எழுதும் வேலையை மட்டும் செய்துவிடாதீர்கள். அது அடுத்தவருக்கு இன்னொரு குழப்பம். திருத்தம் வரும்வரை கையேட்டின் வேலைமுறையையே முன்னால் விரித்து வைத்து வேலை செய்யலாமா என்று பொறியாளரிடம் கேட்டு, அவர் ஒப்புதலோடு அதைப் பதிவில் குறிப்பிடச் சொல்லுங்கள்.

ஒன்றைச் சேர்த்துக் கேட்க மறந்துவிடாதீர்கள். அட்டை திருந்துவது இனி மாற்றப்போகும் சக்கரங்களுக்கு. ஏற்கெனவே இரண்டாம் இறுக்கத்தில் சுழற்றாமல் பூட்டி, இப்போது பறந்துகொண்டிருக்கும் சக்கரங்கள் எத்தனை என்பது உங்களுக்கோ எனக்கோ தெரியாது. அவற்றைச் சரிபார்க்க வேண்டுமா என்பதைத் தொழில்நுட்பப் பிரிவுதான் முடிவுசெய்ய முடியும். பராமரிப்புப் பதிவுகளைப் பார்த்தால் எந்த விமானத்தில் எந்தச் சக்கரம் எந்த அட்டையின்கீழ் மாற்றப்பட்டது என்று அவர்களால் எடுத்துவிட முடியும். ஆகையால் கோரிக்கையின் கடைசியில் இதையும் ஒரு கேள்வியாக எழுதுங்கள்.

பதில் 5: தரக்கட்டுப்பாட்டு ஆய்வாளர், ராணிப்பேட்டை சிப்காட்

சத்துவாச்சாரி அம்மையார் பிரித்துக் காட்டிய மூன்றாம் வகையை ஏற்கிறேன். எங்கள் ஆலையிலும் பற்றவைப்புச் செயல்முறைத் தாள்களைக் கடைசியாக எப்போது களத்தில் நிற்பவர்களிடம் வாசிக்கக் கொடுத்துப் பார்த்தோம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அம்மையாரிடம் ஒரு கேள்வி: அட்டையை வெளியிடுமுன், அந்த வேலையை அறியாத ஒருவரிடம் கொடுத்துச் செய்து பார்க்கச் சொல்லும் வழக்கம் உங்கள் துறையில் உண்டா?

பதில் 6: தொழில்நுட்ப ஆவணப் பிரிவில் பணிபுரிபவள், சத்துவாச்சாரி

உண்டு, ஐயா. எழுதியதை மேசையில் வைத்துச் சரிபார்ப்பது ஒரு முறை. விமானத்தின் அருகே நின்று ஒவ்வொரு படியையும் உண்மையில் செய்து பார்ப்பது இன்னொரு முறை. பின்னதற்கு ஆளும் நேரமும் விமானமும் தேவைப்படுவதால் எல்லா அட்டைகளுக்கும் அது நடப்பதில்லை. பெரும்பாலும் மேசையோடு முடிந்துவிடுகிறது. செய்து பார்க்கும்போது எழுதியவர் வாயைத் திறக்காமல் தள்ளி நிற்க வேண்டும் என்பதுதான் அதில் கடினமான பகுதி. செய்பவர் திகைத்து நிற்கும் இடத்தில் நாம் விளக்கம் சொல்லிவிட்டால், அந்த விளக்கம் அட்டையில் ஏறாமலே போய்விடும்.